யூனிக்ஸ் குடும்பத்தில் யார் வீட்டில் குடியிருப்பது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் இல்லாத கணினிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை, 8 ஜிபி ராம் இருக்கிறது. ஆனாலும் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட லேப்டாப்கள் இன்று பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, லினக்ஸ் போட்டுரலாமா? போட்டா எந்த லினக்ஸ்?"

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதோடு விடுவதில்லை. "லினக்ஸ்தான் போடணுமா? ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டின்னு வேற ஏதோ சொல்றாங்களே?"

இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்விக்கும் விடை வந்துவிடும். இந்த இயங்குதளங்களை வசதிப் பட்டியல் போட்டு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. எல்லாவற்றிலும் அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆஃபீஸ், அதே விஎல்சி. திரையில் தெரியும் மேசைத்தளங்களும் அதே கேடிஈ, க்னோம், எக்ஸ்எஃப்சிஈ. இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது லினக்ஸ், எது பிஎஸ்டி என்று பழகியவர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. பொருள்கள் ஒன்று, அவற்றைச் சேர்த்துக் கட்டியவர்கள்தான் வேறு. ஆகவே நாம் தேர்ந்தெடுப்பது ஒரு மென்பொருளை அல்ல, கட்டிக் கொடுப்பவரை. அவர் எதில் கண்டிப்பானவர், எதில் தாராளமானவர், எதைக் கேட்டால் முறைப்பார் என்று தெரிந்துகொண்டு குடிபோவது நல்லது.

அதற்குக் கொஞ்சம் குடும்ப வரலாறு தேவைப்படுகிறது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய வேலை யூனிக்ஸ். ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி ஒரு தொலைபேசி நிறுவனம். அரசாங்கத்தோடு 1956-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அது கணினி வியாபாரத்தில் இறங்கக்கூடாது. விற்க முடியாத சரக்கை என்ன செய்வது? மூலநிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. 1975-ல் தாம்சன் ஓராண்டு விடுப்பில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பில் ஜாய் என்ற மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த நிரலை நோண்ட ஆரம்பித்தார்கள். 1978-ல் அவர்கள் செய்த சேர்க்கைகளெல்லாம் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. பிஎஸ்டி என்பதில் உள்ள 'பி' பெர்க்லியைக் குறிக்கிறது. 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி, இணையத்தின் முதுகெலும்பான டிசிபி/ஐபியை உள்ளேயே வைத்துக் கொடுத்தது.

1991 வாக்கில் பெர்க்லிக்காரர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் தாங்களே திரும்ப எழுதிவிட்டிருந்தார்கள். இயங்குதளத்தின் கருவான கெர்னலில் 6 கோப்புகள் மட்டும் பாக்கி. அந்த ஆறையும் வில்லியம் ஜோலிட்ஸும் அவர் மனைவி லின்னும் எழுதி நிரப்பி, சாதாரண இன்டெல் 386 கணினியில் ஓடும்படி 1992-ல் வெளியிட்டார்கள். 386பிஎஸ்டி என்று பெயர். அதே ஆண்டில் சொத்து வழக்கும் தொடங்கியது. எங்கள் நிரலை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. பெர்க்லி எதிர்வழக்குப் போட்டது. 1994-ல் சமாதானம் ஆனபோது கணக்குப் பார்த்தால், சுமார் 18,000 கோப்புகளில் நீக்கவேண்டியவை 3. எழுபது சொச்சத்தில் காப்புரிமை வாசகம் சேர்த்தால் போதும். வரப்பு ஒரு முழம் நகர்ந்ததற்காகத் தலைமுறையாக வழக்காடும் பங்காளிகளை நாம் பார்க்காததா?

வழக்கு நடந்த அந்த இரண்டு ஆண்டுகளில்தான் வேறொருவன் ஊருக்குள் வந்து வீடு கட்டிவிட்டான். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஒரு கெர்னலை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். அதில் யூனிக்ஸின் ஒரு வரிகூட இல்லை. முகச்சாயல் உண்டு, ரத்த உறவு இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த க்னூ திட்டத்திடம் கம்பைலர், ஷெல் முதலிய எல்லாம் இருந்தன. கெர்னல் மட்டும் இல்லை. உடல் ஓரிடத்தில், தலை ஓரிடத்தில். இரண்டும் சேர்ந்தன. 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸ் அநேகமாகப் பிறந்தே இருக்காது என்று 1993-ல் ஒரு பேட்டியில் டோர்வால்ட்ஸே ஒப்புக்கொண்டார்.

பிஎஸ்டி பக்கத்திலும் பாகப்பிரிவினை நடந்தது. 1993-ல் ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் தனித்தனி வீடாயின. நெட்பிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோ டி ராட் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் வெளியே அனுப்பப்பட்டு, 1995-ல் ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். இப்போதும் கனடாவின் கால்கரி நகரிலிருந்து அதை நடத்துகிறார்.

இன்று உங்கள் லேப்டாப்பின் வைஃபை சில்லுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்து பிஎஸ்டி டிரைவர் இல்லாமல் போவதில் அந்த வழக்குக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்கள் எங்கே போனார்களோ அங்கே நிறுவனங்கள் போயின. நிறுவனங்கள் போன இடத்துக்கு டிரைவர்கள் போயின.

இனி கட்டுமானத்துக்கு வருவோம். லினக்ஸ் என்பது, கறாராகச் சொன்னால், கெர்னல் மட்டும்தான். அதன் மேல் வரும் அடிப்படைக் கட்டளைகள் க்னூவிடமிருந்து, கணினியைக் கிளப்பிச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இன்னொரு குழுவிடமிருந்து, வரைகலை வேறொரு குழுவிடமிருந்து. எல்லாவற்றையும் வாங்கிவந்து பொருத்தி, உங்கள் கையில் சாவி கொடுப்பவர்கள் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள். செங்கல், ஜன்னல், குழாய் எல்லாம் வெவ்வேறு கடையில் வாங்கி வீடு கட்டித்தரும் மேஸ்திரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்டி வீடுகளில் செங்கல் சூளையும் தச்சுப் பட்டறையும் மேஸ்திரியுடையவை. கெர்னல், அடிப்படைக் கட்டளைகள், அவற்றின் கையேடு எல்லாம் ஒரே மூலநிரல் கிடங்கில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் போல வெளியிலிருந்து வருபவை தனியாக /யூஎஸ்ஆர்/லோக்கல் போன்ற ஓர் அடைவுக்குள் போய் உட்காரும். வீடு எது, விருந்தாளி எது என்று எப்போது பார்த்தாலும் தெரியும்.

வலையிணைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இஃப்கான்ஃபிக் என்ற கட்டளை 4.2 பிஎஸ்டியில், அதாவது 1983-ல், பிறந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் இன்றும் அதே கட்டளைதான். வைஃபை வந்தபோது அதே கட்டளைக்கு வைஃபை கற்றுக்கொடுத்தார்கள். வீட்டு வைஃபையில் சேர, ஒரு கோப்பில் இரண்டு வரி: எந்த வலையில் சேரவேண்டும், அதன் கடவுச்சொல் என்ன என்பது ஒரு வரி, முகவரியைத் தானே வாங்கிக்கொள் என்பது இன்னொரு வரி. லினக்ஸில் இஃப்கான்ஃபிக் கைவிடப்பட்டு 'ஐபி' வந்தது. வைஃபைக்கு முதலில் ஐடபிள்யூகான்ஃபிக், பிறகு 'ஐடபிள்யூ'. மேலே நெட்வொர்க் மேனேஜர். உபுண்டுவின் சர்வர் பதிப்பில் நெட்ப்ளான். பத்தாண்டுக்கு முந்தைய ஒரு குறிப்பைப் படித்து லினக்ஸில் வேலை பார்க்கப் போனால் பாதி கட்டளைகள் இருக்காது. இது லினக்ஸின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நெட்வொர்க் மேனேஜரின் சின்னத்தைச் சொடுக்கி, கல்லூரி வைஃபையிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு நொடியில் தாவுவது என் அம்மாவுக்கும் முடியும். அந்த இரண்டு வரிக் கோப்பை அவரிடம் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

பலர் கைப்பட்ட கட்டுமானத்தில் ஆபத்து செங்கல்லில் இருப்பதைவிட இணைப்பில் இருப்பது அதிகம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தி இதற்குச் சரியான சாட்சி. தன் டெபியன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்தவர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுத் திருட்டு வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். கோப்பைச் சுருக்கும் கருவிக்கும் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை எழுதுபவர்கள் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர். அவர்கள் எழுதிய வடிவில் எந்தச் சம்பந்தமும் இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற மேஸ்திரிகள் அதை சிஸ்டம்டியோடு பேசவைக்க ஒரு சின்ன ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டு சிஸ்டம்டியின் நூலகத்தை இழுத்துவந்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்துவந்தது. மூன்று வீடு தள்ளியிருந்தவன் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிட்டான். நல்லவேளை, நிலையான பதிப்புகளுக்குப் போகுமுன் பிடிபட்டது. டெபியனின் நிதானம் அன்று கேடயமாக நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவையும் கேட்டவுடன் பிஎஸ்டி பக்கம் மனம் சாயும். சாயட்டும். ஆனால் முடிவை உங்கள் மனம் எடுக்கப்போவதில்லை. உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கும் சில்லுகள் எடுக்கப்போகின்றன.

பார்க்கவேண்டியவை மூன்று: வைஃபை, வரைகலை, மூடியை மூடினால் தூங்கித் திறந்தால் விழிப்பது. உபுண்டு அல்லது ஃபெடோராவை ஒரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பாருங்கள். எல்லாம் வேலை செய்தால் லினக்ஸ் பற்றிய கவலை தீர்ந்தது. அங்கேயே எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைத் தட்டினால் சில்லுகளின் பெயர்கள் கிடைக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஓப்பன்பிஎஸ்டியின் கையேட்டுப் பக்கங்களை இணையத்தில் திறந்து பாருங்கள். இன்டெல் 7260, 8265, 9560 வகைகள் என்றால் ஐடபிள்யூஎம் என்ற பக்கத்தில் இருக்கும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்றால் ஐடபிள்யூஎக்ஸ். எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால் அந்தச் சில்லுக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான். இந்தக் கையேடுகள் பொய் சொல்வதில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் நிலை வேறு. அங்கே இன்டெல் வைஃபைக்கான டிரைவர் இருந்தும் பல ஆண்டுகள் பழைய, மெதுவான வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் டிரைவரையே கொண்டுவந்து ஓட்டும் ஏற்பாட்டினால் இப்போதுதான் நிலைமை தேறிவருகிறது. இடைக்காலத்தில் சிலர் செய்த தந்திரம் வேடிக்கையானது: ஃப்ரீபிஎஸ்டிக்குள் ஒரு குட்டி லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டி, வைஃபை கார்டை அதன் கையில் கொடுத்து, அதன் வழியாக இணையத்துக்குப் போனார்கள். சின்னம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது போல.

வரைகலையில் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் பிஎஸ்டிகள் லினக்ஸின் டிரைவர் நிரலையே எடுத்துப் பொருத்திக்கொள்கின்றன. என்விடியா கார்டு இருந்தால் ஃப்ரீபிஎஸ்டிக்கு அந்த நிறுவனமே டிரைவர் தருகிறது. ஓப்பன்பிஎஸ்டியில் அந்தக் கார்டு வெறும் சுமை. புளூடூத்தை ஓப்பன்பிஎஸ்டி 2014-ல் முழுவதும் பிடுங்கி எறிந்துவிட்டது, பராமரிக்க ஆளில்லை என்று. காதில் மாட்டும் புளூடூத் கருவி இல்லாமல் வாழ முடியாதவர்கள் இந்தப் பத்தியோடு ஓப்பன்பிஎஸ்டியிடம் விடைபெறலாம்.

நிறுவும்போது ஒரு கோழி-முட்டைச் சிக்கல் வரும். இன்டெல் வைஃபை சில்லுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பு வேண்டும். அதை இணையத்திலிருந்துதான் இறக்கவேண்டும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். டெபியன் தன் கொள்கைப் பிடிப்பால் நெடுங்காலம் இந்தக் கோப்புகளை வெளியே நிறுத்தியிருந்தது. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் பதிப்பிலேயே சேர்த்துவிட்டது. புதியவர்களுக்கு டெபியனைத் தயங்காமல் சொல்ல முடிவது அதற்குப் பிறகுதான். ஓப்பன்பிஎஸ்டியில் சிக்கல் இன்னும் உண்டு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி இணையத்தைப் பகிர்ந்தால் அது ஒரு வலைக்கார்டாகத் தெரியும், காரியம் முடிந்துவிடும்.

சில்லுகளுக்கு அடுத்த நீதிபதி உங்கள் அன்றாட வேலை. டாலி ஓட்டவேண்டிய கணினி என்றால் இந்தக் கட்டுரையையே மடித்து வைத்துவிடலாம். அது விண்டோஸோடு கல்யாணம் செய்துகொண்ட மென்பொருள். விளையாட்டு முக்கியம் என்றால் லினக்ஸ், வேறு பேச்சில்லை. பிரிண்டரையும் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் மலிவு லேசர் பிரிண்டர்களில் சில, தயாரிப்பாளர் கட்டிக்கொடுத்த டிரைவர் இல்லாமல் அசையமாட்டா. அந்த டிரைவர் விண்டோஸுக்கு இருக்கும், லினக்ஸுக்கு இருக்கலாம், பிஎஸ்டிக்கு இருக்காது.

படம் பார்ப்பதில் ஒரு முரண் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் தன் படங்களை உலகெங்கும் அனுப்பப் பயன்படுத்தும் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி போட்ட உங்கள் கணினியின் பிரவுசரில் நெட்ஃப்ளிக்ஸ் நேரடியாக ஓடாது. திருட்டு நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டை கூகுள் ஃப்ரீபிஎஸ்டிக்குக் கட்டித்தரவில்லை. லினக்ஸ் நிரல்களை ஓட்டும் ஏற்பாடு ஒன்று ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு, அதன் மூலம் சுற்றிவளைத்துப் பார்க்கலாம். ஓப்பன்பிஎஸ்டியில் சுற்றுவழியும் கிடையாது. அங்கே அந்த ஏற்பாட்டை 2016-ல் நீக்கிவிட்டார்கள்.

"எப்போதும் நீக்கிக்கொண்டே இருக்கிறார்களே, இவர்கள் சேர்ப்பதே இல்லையா?" என்று தோன்றும். ஓப்பன்பிஎஸ்டியின் குணமே அதுதான். கட்டிக்கொடுப்பவரின் குணம் அன்றாடத்தில் எப்படி வந்து இடிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஓப்பன்பிஎஸ்டி போட்ட லேப்டாப்பில் முதல்முறை வீடியோ அழைப்பில் சேர்கிறீர்கள். எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கிறது; நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டதா? இல்லை. ஒலிப்பதிவு கெர்னல் மட்டத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த நிரல் மைக்கைக் கேட்டாலும் கெர்னல் அதற்கு மௌனத்தைத்தான் கொடுக்கும். கேமராவுக்கும் அப்படியே. கணினியின் சொந்தக்காரர் தானே ஓர் அமைப்பை 0-விலிருந்து 1-க்கு மாற்றினால்தான் திறக்கும். அழைப்பு முடிந்து, ஒரு விண்ணப்பத்தோடு இணைக்க ஆவணங்கள் அடைவிலிருக்கும் பிடிஎஃப் கோப்பைத் தேடினால், ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்த அடைவே தெரியவில்லை. அன்வெய்ல் என்ற ஏற்பாட்டின்படி பிரவுசரின் கண்ணுக்கு டவுன்லோட்ஸ் அடைவும் தனக்குத் தேவையான சில இடங்களும் மட்டுமே தெரியும். கோப்பை அங்கே நகர்த்திவிட்டு ஏற்றவேண்டும். பிரவுசரை எவனாவது கைப்பற்றினாலும் உங்கள் வீட்டுப் பத்திரம் அவன் கண்ணில் படாது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டாவது வாரத்தில், மற்ற இயங்குதளங்களில் பிரவுசருக்கு வீடு முழுவதும் திறந்து கிடக்கிறதே என்ற நினைப்பு உறுத்த ஆரம்பிக்கும். அந்த உறுத்தல் வருபவர்கள் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்; வராதவர்கள் போய்விடுகிறார்கள். இரண்டும் நியாயம்தான்.

இதற்கு விலையும் உண்டு. 2018 முதல் ஓப்பன்பிஎஸ்டி, ஒரே கோர் இரண்டுபோல நடந்துகொள்ளும் ஹைப்பர்த்ரெடிங்கைத் தானாகவே அணைத்து வைக்கிறது, அதன் வழியே ரகசியங்கள் கசியலாம் என்பதால். பழைய இரண்டு கோர் லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும். அதைவிட நம் ஊருக்கு முக்கியமானது கோப்பு முறைமை. ஓப்பன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையில் ஜர்னல் என்ற முன்குறிப்பு கிடையாது. கரண்ட் போய்க் கணினி பட்டென்று அணைந்தால், மறுபடி கிளம்பும்போது டிஸ்க்கை முழுதாகச் சோதிக்கும். பெரிய டிஸ்க் என்றால் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். சில நேரம் கேள்வி கேட்டு நிற்கும். பேட்டரி உள்ள லேப்டாப்புக்கு இது பொருட்டில்லை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊரில், நான் இதைப் போடமாட்டேன்.

அந்த இடத்தில் ஃப்ரீபிஎஸ்டி ஜெயிக்கிறது. சன் நிறுவனத்தில் உருவான இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2008 முதல் ஃப்ரீபிஎஸ்டியில் இருக்கிறது. ஏற்கெனவே எழுதியதன் மேல் அது எழுதுவதில்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டுப்போனால் அதுவும் தெரிந்துவிடும். அன்றாடத்தில் இதன் பெரும்பயன் 'பூட் என்விரான்மென்ட்' என்ற வசதி. பெரிய அப்டேட் செய்யுமுன் அன்றைய நிலையை அப்படியே ஒரு நகலாக நிறுத்திவைக்கலாம். சில நொடி வேலை, இடமும் அடைக்காது. அப்டேட்டில் ஏதாவது கோணலானால், கிளம்பும்போது வரும் பட்டியலில் நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காலை வேலையைப் பார்க்கலாம். லினக்ஸிலும் இசட்எஃப்எஸ் உண்டு என்றாலும், உரிமச் சிக்கலால் கெர்னலுக்குள் சேர முடியாமல் வெளியே நின்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் இதற்கு ஈடான வசதி வேண்டுமென்றால் ஓப்பன்சூசே என்ற வழங்கலைப் பாருங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமையைக் கொண்டு ஏறத்தாழ இதையே செய்துவைத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் வழங்கல்களுக்குள் எது என்ற கேள்விக்கு இப்போது சுருக்கமாகவே பதில் சொல்லலாம். அவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் வேகம். டெபியன் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நகரும். நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள், பிழைத் திருத்தங்கள் தவிர எதையும் தொடாது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், 5 ஆண்டு ஆதரவு. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆயுள். ஆர்ச் ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு. பதிப்பு என்பதே கிடையாது, அப்டேட் செய்யுமுன் அவர்களுடைய அறிவிப்பைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஆர்ச் போடாதவர்களும் ஆர்ச் விக்கியைப் படிக்கலாம், லினக்ஸ் உலகில் அதைவிட நல்ல விளக்கங்கள் குறைவு. புத்தம்புதிய லேப்டாப் என்றால் ஃபெடோரா, ஐந்தாறு ஆண்டுப் பழையது என்றால் டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட். புதிய சில்லுகளுக்குப் புதிய கெர்னல் வேண்டும் என்பதைத் தவிர இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அது சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் கட்டியது. அடியில் இருப்பது டெபியன்தான்.

தமிழ் எழுதுவதைப் பொறுத்தவரை எந்த வீட்டிலும் குறையில்லை. ஐபஸ் அல்லது எஃப்சிட்டிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். பிஎஸ்டிகளிலும் அதே கருவிகள் கிடைக்கின்றன. பிரவுசரிலும் லிப்ரே ஆஃபீஸிலும் கொம்பும் காலும் சரியாக உட்காரும். ஆனால் மேசைத்தளம் ஏறாத வெறும் கறுப்புத் திரையில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். லினக்ஸ் கன்சோலின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து வரையவும் அதற்குத் தெரியாது. கோப்புகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயர் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற உறவினர்களையும் எட்டிப் பார்க்கலாம். நெட்பிஎஸ்டி எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும். 2005-ல் ஒரு டோஸ்டரில்கூட ஓட்டிக் காட்டினார்கள். டெபியன் 13 பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுவதைக் கைவிட்டுவிட்ட நிலையில், அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் நெட்பிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் அதில் இன்றைய பிரவுசர் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோலாரிஸின் வாரிசான ஓப்பன்இண்டியானா ஆர்வலர்களுக்கு. ஆப்பிளின் மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து கணிசமாக எடுத்துக்கொண்ட, முறைப்படி யூனிக்ஸ் சான்றிதழும் பெற்ற பணக்கார உறவினர். ஆனால் அவர் வீட்டுக்குப் போக அவரிடமே கணினி வாங்கவேண்டும்.

என்னைக் கேட்டால், வீட்டில் எல்லோரும் தொடும் கணினிக்கு டெபியன். படங்களையும் கணக்கு வழக்குகளையும் சேர்த்துவைக்கும் மூலைப் பெட்டிக்கு ஃப்ரீபிஎஸ்டி. எழுத மட்டும் வைத்திருக்கும் பழைய லேப்டாப்புக்கு ஓப்பன்பிஎஸ்டி. ஒரே டிஸ்க்கில் இரண்டைப் போட்டுப் பங்கு பிரிக்க முயலாதீர்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, விலை குறைந்த ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்துங்கள். பிடிக்கவில்லையென்றால் நாலு திருகாணியில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம்.

ஓப்பன்பிஎஸ்டியை நிறுவி முடித்து நிர்வாகியாக உள்ளே போனால், உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று ஒரு வரி தெரியும். இப்போதுதானே பிறந்த கணினி, அதற்குள் யார் எழுதினார்கள் என்று திறந்தால், அனுப்பியவர் தியோ டி ராட். வரவேற்பு, அடுத்து எந்தக் கையேட்டுப் பக்கத்தைப் படிக்கவேண்டும் என்ற குறிப்பு, கூடவே ஒரு வேண்டுகோள்: உங்கள் கணினி கிளம்பும்போது தன் சில்லுகளை அடையாளம் கண்டு எழுதும் டிமெஸ்க் என்ற பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள், எந்தக் கணினியில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியவேண்டும். அந்தப் பட்டியலை ஒருமுறை நீங்களும் மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். டிரைவர் கிடைக்காத சில்லுகளின் எதிரில் 'நாட் கான்ஃபிகர்ட்' என்று இருக்கும்.